ஸ்டியரிங் பிடிக்கும் நேரத்துக்குக் கொடுங்கள் காசு

"ஹெவி லைசென்ஸ் எடுக்க எவ்வளவுங்க ஆகும்?"

லாரி ஓட்டக் கிளம்பும் பையன்கள் டிரைவிங் ஸ்கூல் வாசலில் கேட்கும் முதல் கேள்வி இது. பெரும்பாலும் கடைசிக் கேள்வியும் இதுதான். அங்கே ஒரு தொகை சொல்வார்கள். அடுத்த தெரு ஸ்கூலில் ஆயிரம் ரூபாய் குறைத்துச் சொல்வார்கள். பையன் அங்கே போய்ச் சேர்ந்துவிடுவான். சில மாதத்தில் கார்டும் கைக்கு வந்துவிடும். அப்புறம் ஏதோ ஒரு லாரி ஷெட்டில் முதலாளி சாவியைக் கொடுத்து, "அந்த வண்டியை ரிவர்ஸ்ல எடுத்துச் செவுத்தோரமா விடு தம்பி, பார்க்கலாம்" என்பார். வியர்ப்பது அங்கேதான்.

உட்காருங்க தம்பி, டீ சொல்லியாச்சு. எங்கே சேர்வது, எவ்வளவு கொடுப்பது, எப்போது கொடுப்பது என்று மூன்றையும் நிதானமாகப் பார்த்துவிடலாம். நான் சொல்ல வருவதன் சாரம் ஒரு வரிதான். லைசென்ஸ் என்ன விலை என்று கேட்பதை விட்டுவிட்டு, ஸ்டியரிங் என் கையில் இருக்கும் ஒரு மணி நேரம் என்ன விலை என்று கேளுங்கள். மற்ற கணக்கெல்லாம் அதிலிருந்து தானாக வந்துவிடும்.

வயசும் வரிசையும்

காசைத் தொடுவதற்கு முன் சட்டம் போட்டிருக்கும் வரிசையைத் தெரிந்துகொள்ளுங்கள். இது தெரியாமல் முன்பணம் கட்டிவிட்டுக் காத்துக் கிடப்பவர்கள் நிறையப் பேர்.

1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி கார் ஓட்ட 18 வயசு போதும். சரக்கோ ஆளோ ஏற்றித் தொழிலுக்கு ஓடும் வண்டி எதுவானாலும், பொது ரோட்டில் ஓட்ட 20 வயசு ஆகியிருக்க வேண்டும். இன்னொரு படியும் உண்டு. இலகு ரக வாகன லைசென்ஸ், அதாவது நாம் கார் லைசென்ஸ் என்று சொல்வது, கைக்கு வந்து ஒரு வருஷம் முடிந்திருந்தால்தான் லாரிக்கு எல்.எல்.ஆர்., அதாவது பழகுநர் லைசென்ஸ், தருவார்கள். 18-லோ 19 ஆனதுமோ கார் லைசென்ஸ் எடுத்து வைத்தவருக்கு 20 முடிந்ததும் வழி திறந்திருக்கும். 20 வரை சும்மா இருந்தவர் அதன்பிறகு கார் லைசென்ஸ் எடுத்து, இன்னொரு வருஷம் காத்திருக்க வேண்டியதுதான். வீட்டில் தம்பிமார் யாராவது இருந்தால் இப்போதே சொல்லி வையுங்கள். இந்த ஒரு வருஷத்தை எந்த ஸ்கூலிலும் காசு கொடுத்து வாங்க முடியாது.

எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். அதை எடுத்து 30 நாள் ஆன பிறகுதான் டெஸ்டுக்குப் போகலாம். "பத்தே நாளில் ஹெவி லைசென்ஸ்" என்று ஒருவர் சொன்னால், அவர் விற்பது பயிற்சி இல்லை என்று அங்கேயே தெரிந்துவிடும்.

எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்ற விதியை 2019-ல் எடுத்துவிட்டார்கள். அந்தப் பழைய விதியைச் சாக்காக வைத்து, "உங்களுக்குப் படிப்பு இல்லை, வெளியில் ஏற்பாடு செய்ய வேண்டும், கொஞ்சம் செலவாகும்" என்று யாராவது இழுத்தால் டீயை வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

உங்களுக்கு ஹெவிதான் வேண்டுமா?

இதையும் கேட்டுவிட வேண்டும். சட்டத்தின் கணக்கில், சரக்கோடு சேர்த்து மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத வண்டி இலகு ரகம். 12,000 கிலோவைத் தாண்டினால் கனரகம். இடையில் இருப்பது நடுத்தரம். குட்டி யானை, பிக்கப் வகையெல்லாம் இலகு ரகத்தில் வந்துவிடும். ஆறு சக்கர லாரி முழு லோடில் 18 டன்னைத் தொடும். அதற்கு மேலே டாரஸ், டிரெய்லர்.

2024 நவம்பர் 6-ம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒரு தீர்ப்புச் சொன்னது. 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டியை ஓட்டக் கார் லைசென்ஸே போதும், தனியாகப் போக்குவரத்து வண்டி அனுமதி தேவையில்லை என்பது அதன் சுருக்கம். இன்ஷூரன்ஸ் வழக்குகளில் பல வருஷம் இழுபட்ட விஷயம் அதோடு தீர்ந்தது. வயசு 20 ஆக வேண்டும் என்பதில் மட்டும் மாற்றமில்லை.

உங்கள் ஊரில் மார்க்கெட் லோடு, பால், முட்டை, கூரியர் என்று ஓட்டிப் பிழைக்க முடியுமானால் ஒரு வருஷம் குட்டி யானையில் ஓட்டிப் பாருங்கள். கையில் காசும் வரும், ரோடும் பழகும். ஹெவிக்கு வேண்டிய ஒரு வருஷக் காத்திருப்பும் கழியும். இந்த வேலை நமக்கு ஒத்து வருமா என்பதும் தெரிந்துவிடும். அதிகாலையில் எழுவதும், வெயிலில் லோடு இறங்கும்வரை காத்திருப்பதும் ஒத்துவராதவருக்கு டாரஸ் மட்டும் எப்படி ஒத்துவரும்?

முதல் செலவு கண் டாக்டருக்கு

ஹெவிக்கு மருத்துவச் சான்று கட்டாயம். அதற்கென்று உள்ள படிவம் 1-ஏ-வில் டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டிய சிலவற்றைக் கேளுங்கள்: நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் நிற்கும் காரின் நம்பரைப் படிக்க முடிகிறதா, சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகிறதா, மாலைக்கண் உண்டா.

பல இடங்களில் இந்தச் சான்று கையெழுத்தும் சீலுமாக மேஜையில் தயாராக வந்துவிடுகிறது என்பது ஊரறிந்த ரகசியம். நீங்கள் அப்படி வாங்காதீர்கள். ஸ்கூலுக்குப் பணம் கட்டும் முன்பே ஒரு கண் மருத்துவமனையில் போய்ப் பாருங்கள். நிறக்குருடு இருப்பது பலருக்கு அன்றுவரை தெரிந்தே இருக்காது. பணம் கட்டிய பிறகு தெரிந்தால் பணம் போகும். லைசென்ஸ் வாங்கிய பிறகு ராத்திரி சிக்னலில் தெரிந்தால் போவது பணம் மட்டுமாக இருக்காது. கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் குறை என்றால் கவலையே வேண்டாம், போட்டுக்கொண்டு ஓட்டலாம்.

கற்றுக்கொள்ள நான்கு வாசல்

ஒன்று, ஊரில் இருக்கும் தனியார் டிரைவிங் ஸ்கூல். பெரும்பாலானவர்கள் போவது இங்கேதான். நல்லதும் உண்டு, பேருக்கு நடப்பதும் உண்டு. எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பதை அடுத்துச் சொல்கிறேன்.

இரண்டு, அரசு சார்ந்த மையங்கள். தமிழக அரசின் சாலைப் போக்குவரத்து நிறுவனம் கும்மிடிப்பூண்டியில் கனரக வாகனப் பயிற்சி மையம் நடத்துகிறது. திறன் மேம்பாட்டுக் கழகம், தாட்கோ போன்றவை அவ்வப்போது அறிவிக்கும் பயிற்சிகளில் கட்டணத்தை அரசே ஏற்பதும் உண்டு. கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் விசாரித்து, இந்த வருஷம் ஹெவி டிரைவிங் இருக்கிறதா, வயசு வரம்பு என்ன, தங்க இடம் உண்டா என்று கேளுங்கள். பஸ் செலவோடு முடிகிற வேலை. இதைக் கேட்காமல் கடன் வாங்காதீர்கள்.

மூன்று, வண்டி செய்யும் கம்பெனிகள் நடத்தும் மையங்கள். அசோக் லேலண்ட் நாமக்கல்லில் 1995-லிருந்தே ஒரு டிரைவர் பயிற்சி மையம் வைத்திருக்கிறது. நாமக்கல்லைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. லாரி, பாடி கட்டும் பட்டறை, கேஸ் டேங்கர், முட்டை வண்டி என்று அந்த ஊரே சக்கரத்தின் மேல்தான் நிற்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் தனித் தளமும், புது மாடல் வண்டியும், வகுப்பறையும் இருக்கும். கட்டணம் அதிகமாகத் தெரிந்தாலும் மணிக்கணக்கில் வகுத்துப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். 2021-ல் வந்த மத்திய விதிப்படி அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களில் கனரகப் படிப்பு ஆறு வாரம், 38 மணி நேரம். அங்கே தேறியவருக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸில் தனியாக ஓட்டிக் காட்டும் டெஸ்ட் கிடையாது. அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்டு, சான்றைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

நான்கு, பழைய வழி. கிளீனராக ஏறி, டிரைவராக இறங்குவது. சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் மூத்த டிரைவர்கள் முக்கால்வாசிப் பேர் இப்படி வந்தவர்கள்தான். டயர் மாற்றுவது, தார்ப்பாய் கட்டுவது, லோடு சாயாமல் பார்ப்பது, பார்ட்டியிடம் பேசுவது எல்லாம் இந்த வழியில் கற்றுக்கொள்ளும் அளவுக்கு எந்த ஸ்கூலிலும் வராது. ஆனால் இப்போது பல வண்டிகளில் கிளீனரே இல்லை. இன்னொன்று, டிரைவர் அண்ணன் ராத்திரியில் தூக்கம் தட்டும்போது "கொஞ்ச தூரம் பிடிடா" என்று கொடுப்பது பயிற்சி ஆகாது. எல்.எல்.ஆர். இருந்து, முன்னும் பின்னும் எல் போர்டு மாட்டி, அந்த வண்டிக்கு லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் விழித்து உட்கார்ந்திருந்தால் மட்டுமே அது சட்டப்படி பழகுவது. இல்லாமல் ஏதாவது ஆகிவிட்டால், இன்ஷூரன்ஸ்காரர் கட்டிய பணத்தை முதலாளியிடம் திருப்பிக் கேட்டு வருவார். முதலாளி உங்களைத் தேடி வருவார்.

எந்த வழியில் பழகினாலும், அங்கீகாரம் பெற்ற ஸ்கூலின் பயிற்சிச் சான்று இல்லாமல் சரக்கு வண்டி லைசென்ஸ் கிடையாது என்கிறது சட்டம். படிவம் 5 என்பது அதன் பெயர். அதனால்தான் அந்தத் தாளுக்கு மட்டும் விலை வைத்து விற்கும் கடைகளும் முளைக்கின்றன.

டீசலை வைத்து ஒரு கணக்கு

இப்போது முக்கியமான கணக்குக்கு வருவோம். மத்திய விதிப்படி சாதாரண டிரைவிங் ஸ்கூலில் கனரகப் பயிற்சி 30 நாளுக்குக் குறையக்கூடாது. அதில் வண்டியை நீங்கள் ஓட்டும் நேரம் மட்டும் 15 மணிக்குக் குறையக்கூடாது. இந்த 15 என்ற எண்ணை மனசில் வையுங்கள்.

பழகும் வண்டி ஒரு மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். ரிவர்ஸ், கிளட்ச், நிறுத்தி எடுப்பது என்று போவதால் லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர் கொடுக்கும் என்று வைப்போம். 15 மணிக்கு 225 கிலோமீட்டர். 50 லிட்டர் டீசல். லிட்டர் 90 ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் 4,500 ரூபாய். இது டீசல் மட்டும். சொல்லிக் கொடுப்பவர் சம்பளம், டயர், இன்ஷூரன்ஸ், எஃப்.சி., ஸ்கூல் வாடகை எல்லாம் இதற்கு மேல்தான்.

இப்போது ஒருவர், "அரசுக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஐயாயிரம்தாங்க" என்கிறார். அவர் தர்மம் செய்யவில்லை. 15 மணி நேரம் ஓட்ட விடப் போவதில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு கணக்கு. ஒரு ஸ்கூலில் 8,000 ரூபாய். தினமும் ஒரு மணி நேரம், 30 நாள். ஆனால் வண்டியில் ஐந்து பேர். ஆளுக்கு 12 நிமிஷம். 30 நாளில் உங்கள் கைக்கு வருவது ஆறு மணி நேரம். மணிக்கு 1,333 ரூபாய் ஆகிறது. வேறொரு ஸ்கூலில் 15,000 ரூபாய். தினமும் அரை மணி நேரம் ஸ்டியரிங் உங்கள் கையில், 30 நாள். மொத்தம் 15 மணி நேரம், மணிக்கு 1,000 ரூபாய். எது மலிவு? மற்ற நாலு பேர் ஓட்டுவதைப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பதும் பாடம்தான் என்பார்கள். கிணற்று மேட்டில் உட்கார்ந்து பார்த்தே நீச்சல் கற்றவர் யாராவது உண்டா?

இந்தத் தொகைகளெல்லாம் கணக்குக்காக நான் போட்டவை. உங்கள் ஊரில் என்ன சொல்கிறார்களோ அதை இதே மாதிரி வகுத்துப் பாருங்கள்.

ஸ்கூலுக்குள் போனால் எதைப் பார்ப்பது

முதலில் சுவரைப் பாருங்கள். ஆர்.டி.ஓ. கொடுத்த ஸ்கூல் லைசென்ஸ் மாட்டியிருக்கும். எந்தெந்த வகை வண்டிக்குச் சொல்லித்தர அனுமதி, எந்தத் தேதி வரை செல்லும் என்று படியுங்கள். காருக்கு மட்டும் அனுமதி வாங்கிவிட்டு, ஹெவிக்கு ஆள் பிடித்து வேறு இடத்துக்குத் தள்ளிவிடுபவர்களும் உண்டு.

அடுத்து, "ஓட்டின நேரம் எழுதுற ரிஜிஸ்டர் காட்டுங்க" என்று கேளுங்கள். படிவம் 15 என்று அதற்குப் பெயர். பழகுபவருக்கு அதில் தனியாகப் பதிவு இருக்கும். தேதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை ஓட்டினார், எந்த வகை வண்டி, சொல்லிக் கொடுத்தவர் கையெழுத்து, பழகியவர் கையெழுத்து என்று கட்டம் கட்டமாக ஓடும். நடக்கிற ஸ்கூலில் இந்த ரிஜிஸ்டர் அழுக்காக இருக்கும். பேனா நிறம் மாறியிருக்கும், கையெழுத்து ஒருநாள் நேராகவும் ஒருநாள் கோணலாகவும் விழுந்திருக்கும், இடையில் மழை பெய்த நாளுக்கு இடம் விட்டிருப்பார்கள். முப்பது நாளும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே மணியில் இருந்தால் அது ஒரே மத்தியானத்தில் எழுதியது.

பிறகு வண்டி. சொல்லிக் கொடுப்பவர் காலடியில் தனியாகப் பிரேக் இருக்கிறதா என்று கதவைத் திறந்து பாருங்கள். அவர் வண்டியைத் தடுத்து நிறுத்தும்படி இரட்டைக் கட்டுப்பாடு இருக்க வேண்டும் என்பது விதி. வண்டி பழசாக இருப்பது குற்றமில்லை. பவர் ஸ்டியரிங், ஏர் பிரேக் இருக்கிறதா, நீங்கள் நாளைக்கு ஓட்டப் போகும் வண்டிக்குப் பக்கத்திலாவது வருமா என்பதுதான் பார்க்க வேண்டியது.

கடைசியாகச் சொல்லிக் கொடுப்பவர். பத்தாம் வகுப்பு, ஐந்து வருஷ ஓட்டுநர் அனுபவம், மோட்டார் மெக்கானிக் படிப்புச் சான்று ஆகியவை வேண்டும் என்கிறது விதி. அவரிடம் அஞ்சு நிமிஷம் பேசுங்கள். "எத்தனை வருஷம் லைன்ல ஓட்டுனீங்கண்ணா?" என்று கேட்டால், ஓட்டியவர் எந்த ரூட், என்ன லோடு என்று தானாகச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். முடிந்தால் ஒரு காலையில் பழகும் இடத்துக்கே போய், இறங்கி வரும் பையன்களிடம் "இன்னிக்கு எவ்வளவு நேரம் ஓட்டுன?" என்று கேட்டுப் பாருங்கள். விளம்பரப் பலகை சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

அந்த 15 மணி நேரத்தில் என்ன வர வேண்டும்

நேராக ஓட்டுவது நாலு நாளில் வந்துவிடும். காசு கொடுப்பது மற்றவற்றுக்கு.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் கியர் போட்டு இழுக்கக் கூடாது. ஏர் பிரேக் வண்டியில் காற்று ஏற வேண்டும். மீட்டர் முள் மெல்ல மேலே போகும், எச்சரிக்கைச் சத்தம் நிற்கும், அதன்பிறகுதான் பார்க்கிங் பிரேக்கை விட வேண்டும். அந்த இடைவெளியில் இறங்கி ஒரு சுற்று வந்து டயரைத் தட்டிப் பார்ப்பது, ஆயில் ஒழுகுகிறதா என்று குனிந்து பார்ப்பது, லைட் பார்ப்பது. இதை முதல் நாளே சொல்லித்தரும் ஸ்கூல் நல்ல ஸ்கூல்.

திருப்பம். லாரியின் பின் சக்கரம் முன் சக்கரம் போன தடத்தில் போகாது, உள்பக்கம் வெட்டிப் போகும். இடது பக்கம் திரும்பும்போது அந்த வெட்டுக்குள்தான் சைக்கிளும் டூவீலரும் வந்து மாட்டுகின்றன. எவ்வளவு அகலமாக எடுத்துத் திரும்ப வேண்டும் என்பதும், கண்ணாடியில் தெரியாத இடம் எது என்பதும் சொன்னால் புரியாது. வண்டியை நிறுத்தி, உங்களை இறக்கிவிட்டு, சுற்றி நடக்க வைத்துக் காட்ட வேண்டும்.

ரிவர்ஸ். கம்பெனி கேட், குடோன், லோடிங் மேடை எல்லாமே பின்னால் எடுத்துத்தான் விட வேண்டும். உங்கள் நேரத்தில் மூன்றில் ஒரு பங்காவது ரிவர்ஸுக்குப் போக வேண்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் இறங்கிப் பார்த்துவிட்டு ஏறுவது கௌரவக் குறைச்சல் இல்லை.

இறக்கம். தர்மபுரி–சேலம் ரோட்டில் தொப்பூர் கணவாயில் லாரிகள் பிரேக் பிடிக்காமல் போய் மோதிய செய்திகளை எத்தனையோ தடவை படித்திருப்பீர்கள். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குவது அல்லது பெரிய கியரில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்குவது. பிரேக் லைனிங் டிரம்மில் உரசி உரசிச் சூடேறும். ஒரு அளவுக்கு மேல் சூடானால் லைனிங்குக்குப் பிடிப்பு இருக்காது. மிதித்தாலும் வண்டி நிற்காது. இறக்கம் ஆரம்பிக்கும் முன்பே சின்ன கியருக்கு வந்துவிட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்து இறக்கும். எக்ஸாஸ்ட் பிரேக்கும் கூட நிற்கும். பிரேக்கை விட்டு விட்டுத் தொட்டால் போதும். மேடு பள்ளமே இல்லாத மைதானத்தில் மட்டும் பழக்கும் ஸ்கூலில் இது வராது. இறக்கம் உள்ள ரோட்டுக்கு ஒருநாளாவது கூட்டிப் போவார்களா என்று கேளுங்கள்.

புது வண்டி. 2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த பி.எஸ். 6 டீசல் லாரிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆட் ப்ளூ என்று தனித் திரவம் ஊற்ற வேண்டும். ஷெட்டில் யூரியா என்பார்கள். அது தீர்ந்தால் வண்டி இழுவையைக் குறைத்துக்கொள்ளும். டீசல் டேங்கில் தவறி ஊற்றிவிட்டால் பெரிய செலவு வைக்கும். டேஷ்போர்டில் எந்த விளக்கு எரிந்தால் ஓரம் கட்ட வேண்டும், எதற்கு ஷெட் வரை போகலாம் என்பதை வண்டி கையேட்டை வைத்தே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பணம் கட்டும் முறை

அரசுக் கட்டணம் பெரிதில்லை. மத்திய விதியில் எல்.எல்.ஆருக்கு 150, அதன் தேர்வுக்கு 50, ஓட்டும் டெஸ்டுக்கு 300, கையில் இருக்கும் லைசென்ஸில் புது வகை வண்டி சேர்க்க 500. மொத்தம் 1,000 ரூபாய். மாநிலத்தின் சேவைக் கட்டணம் தனி. சாரதி இணையதளத்தில் நீங்களே கட்டி, உங்கள் பெயரில் ரசீது எடுத்துக்கொள்ளலாம். "எல்லாம் சேர்த்து" என்று ஒரே தொகையாகச் சொன்னால், எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கும் வரி எதுவோ, அது யாருக்குப் போகும் பணம் என்று உங்களுக்கே புரிந்துவிடும்.

"கேரண்டி பாஸ்" என்று சொன்னால் பயப்படுங்கள். டெஸ்டில் தவறினால் ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம். நஷ்டம் ஒரு வாரமும் 300 ரூபாயும்தான். அதைத் தவிர்க்க ஆயிரக்கணக்கில் கொடுப்பானேன்?

ஸ்கூல் கட்டணத்தை மூன்றாகப் பிரியுங்கள். சேரும்போது ஒரு பங்கு. ரிஜிஸ்டரில் உங்கள் கணக்கில் ஏழெட்டு மணி நேரம் ஏறிய பிறகு ஒரு பங்கு. 15 மணி நேரம் முடிந்து படிவம் 5 கைக்கு வரும்போது கடைசிப் பங்கு. ஒவ்வொன்றுக்கும் ரசீது. ஓட்டாத நேரத்துக்கு ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தக் கையெழுத்துதான் உங்கள் பிடி.

இதற்காக வட்டிக்கு வாங்காதீர்கள். கந்து வட்டிக்கு வாங்கிக் கற்றவர், கடனை அடைக்க வேண்டும் என்று தூக்கம் இல்லாமல் நடைக்கு மேல் நடை அடிப்பார். புது டிரைவருக்கு அதைவிட ஆபத்து வேறில்லை. இரண்டு மாதம் தள்ளிப் போனாலும் சேர்த்து வைத்துக் கட்டுங்கள்.

சில முதலாளிகள், "லைசென்ஸ் செலவை நான் பார்த்துக்கறேன், எங்கிட்டயே ஓட்டு" என்பார்கள். நல்ல ஏற்பாடாகவும் அமையலாம். எவ்வளவு பணம், மாதம் எவ்வளவு பிடிப்பார், நடுவில் விலகினால் பாக்கி எப்படி என்பதை ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டாம்: ஒரிஜினல் லைசென்ஸை அடமானம் மாதிரி அவரிடம் விட்டு வைப்பது. அது உங்கள் சட்டைப் பையிலும், டிஜிலாக்கரில் ஒரு பிரதி செல்போனிலும் இருக்க வேண்டும்.

கார்டு வந்த பிறகு

லைசென்ஸ் ஐந்து வருஷம் செல்லும். வந்ததும் சாரதி தளத்தில் நம்பரைப் போட்டு, உங்கள் பெயரும் வண்டி வகையும் சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

நாமக்கல் கேஸ் டேங்கரில் ஏற ஆசை இருக்கலாம். ஆபத்தான சரக்குக்குத் தனியாக மூன்று நாள் பயிற்சிச் சான்று வேண்டும். ஒரு இந்திய மொழியோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்பு விதி போய்விட்டது என்று புத்தகத்தை மூடிவிட்டவருக்கு இந்தக் கதவு திறக்காது.

வேலைக்குப் போகும்போது சம்பளம் எப்படி என்று தெளிவாகக் கேளுங்கள். மாதச் சம்பளமா, நடைக்கு இவ்வளவா, வாடகையில் பங்கா? லோடுக்காகக் காத்திருக்கும் நாளுக்குப் பேட்டா உண்டா? மைலேஜ் குறைந்தால் யார் தலையில்? பி.எஃப். உண்டா? 1961-ம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்றுதான் சொல்லி வந்தது. லைனில் நடப்பது வேறு என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டு கேட்பவரிடம் பேசும் விதமே வேறாக இருக்கும்.

இன்னொன்று. 15 மணி நேரமும் சரி, 38 மணி நேரமும் சரி, அது டெஸ்டைத் தாண்டத்தான் போதும். 18 டன் வண்டியை மழையில், ராத்திரியில், தெரியாத ஊர்ச் சந்தையில் நிறுத்தி எடுக்க அது போதாது. மிச்சத்தை வேலையில்தான் கற்க வேண்டும். அதனால் இரண்டு வேலை வந்தால், முதல் ஆறு மாதம் பக்கத்தில் மூத்த டிரைவர் உட்காரும் வண்டிக்குப் போங்கள். சம்பளம் மாதம் இரண்டாயிரம் குறைவாக இருந்தாலும் போங்கள். அந்த இரண்டாயிரத்தை நீங்கள் கட்டும் கடைசிப் பயிற்சிக் கட்டணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு எவ்வளவு ஆகிறது என்று வகுத்துப் பார்த்தால், எந்த ஸ்கூலும் அந்த விலைக்குச் சொல்லிக் கொடுக்காது.